எல்லம்மாளும் அவ்வாறே கூறினார்

1

2025 நவம்பர் 17, திங்கட்கிழமை. பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.

நானூற்று முப்பது பக்கங்களை ஒன்றுவிடாமல் படித்ததாகச் சொல்லப்பட்ட கணினியொன்று, எல்லம்மாள் என்பவர் அளித்த வாக்குமூலத்தைத் தொலைத்துவிட்டது. அது தொலைந்தமையால், கணவரைப் பறிகொடுத்தவரின் கவனக்குறைவே கணவரின் சாவுக்குக் காரணம் என்று அரசுத் தாளில் ஏறிவிட்டது. என் குறை இதுதான்.

குறையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்ட பிறகு கதை எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதை நான் முதலில் கதையாக எழுதவில்லை. நாளிதழ் ஒன்றுக்குக் கடிதமாக எழுதினேன். கணினியைக் கண்டித்து ஒன்றரைப் பக்கம். முடித்துவிட்டுப் பிழை திருத்துவதற்காகப் படித்தேன். ஒரு பிழையும் இல்லை. அச்சம் அங்கேதான் பிடித்தது. கடிதத்தைக் கிழித்துப்போட்டேன். கடிதத்தில், நடந்தது இன்னது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். கதையென்றால், செய்தவர் யார் என்று சொல்லியாக வேண்டும்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘கோபுரங்கள் சூழ்ந்த தொன்மையான அந்நகரின் ஒரு தெருவில்—’

நிறுத்திவிட்டேன். கோபுரத்துக்கும் இந்தச் செய்திக்கும் தொடர்பில்லை.

இரண்டாம் தொடக்கம்: ‘வாக்குமூலங்கள் நூற்றுப் பன்னிரண்டும் முறையாக எழுதப்பட்டன, பின்னர்த் தட்டச்சு செய்யப்பட்டன, கணினிக்கு அளிக்கப்பட்ட—’

இதையும் நிறுத்திவிட்டேன். வாக்கியத்தில் குற்றமில்லை. ஆனால் எழுதியவர் யார்? இப்படிப்பட்ட வாக்கியத்தில் செய்தவர் எளிதாக ஒளிந்துகொள்ளலாம் என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். ஒளிந்திருப்பவரை உடனே வெளியே இழுக்க மனம் வரவில்லை. மூன்றாம் பிரிவு வரை அவர் அங்கேயே இருக்கட்டும்.

2

கலைவாணியின் மேசை, அவள் வீட்டு முன்னறையில், தம்பி தினேஷின் தறிக்கும் சுவருக்கும் இடையே கிடைத்த நாலடி இடத்தில் இருந்தது. சென்னையிலுள்ள நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்தாள். பெரிய பெரிய கணினிக் கூடங்களில் ஓடும் மொழிப் பொறிகளைச் (ஏஐ என்கிறார்களே, அவைதாம்) சுருக்கி, சாதாரணக் கணினியிலும் ஓடவைப்பது அவள் தொழில். யானையைக் குடத்துக்குள்— (தேய்ந்த உவமை, விட்டுவிடுகிறேன்.)

ஜூலை மாதம் அந்தத் தெருவில் நடந்ததை அவளும் கண்டவள்தான். தெருக்கோடியிலிருந்த சாயப்பட்டறையின் கழிவு, விரிசல் விட்ட குழாய் வழியே குடிநீரில் கலந்தது. நாற்பத்தொரு பேர் மருத்துவமனையில் கிடந்தார்கள். எல்லம்மாளின் கணவர் முனிசாமி, நெசவாளி, பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனார். பட்டறைக்காரர்கள் ஒரே பேச்சாகப் பேசினார்கள்: குழாய் வெள்ளிக்கிழமை காலையில்தான் திடீரென்று வெடித்தது, அதற்கு முன் தங்களிடம் எவரும் வந்து எதுவும் சொல்லவில்லை. ஆகவே, விசாரணை முழுவதும் ஒரு கேள்வியில் வந்து நின்றது. வெள்ளிக்கிழமைக்கு முன் யாராவது போய்ச் சொன்னார்களா?

நூற்றுப் பன்னிரண்டு பேர் வாக்குமூலம் கொடுத்தார்கள். அஞ்சலகத்துக்கு எதிரிலிருந்த தட்டச்சு நிலையத்தில் அவை நானூற்று முப்பது பக்கங்களாயின. விசாரணை அதிகாரி அந்தத் தாள்கட்டைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

“இதையெல்லாம் யாருங்க படிக்கிறது? முப்பது பக்கத்துல ஒரே அறிக்கையா தொகுத்துப் பத்து நாள்ல குடுங்க. அதைத்தான் ரெக்கார்டுல சேப்பேன்.”

அன்று மாலை தெருவே கலைவாணி வீட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்தது. தினேஷ் தறியை நிறுத்தினான்.

“இன்னாமா, இந்தப் பொட்டி அம்மாம் தாளையும் படிச்சிடுமா?” என்றார் எதிர்வீட்டு ஜெயம்மாள். தெருவில் எதற்கும் முதலில் வாய் திறப்பவர் அவர். வாக்குமூலத்திலும் முதல் எண் அவருடையது.

“படிச்சிடும் பெரிம்மா. படிச்சத ஞாபகம் வெச்சிக்கினு இருக்கத்தான் எடம் பத்தாது.”

“எனக்கும் அதே கததான். அதுக்கு எதுக்குடி கரண்டு?”

சிரிப்பு அடங்கியதும் தினேஷ் கேட்டான்: “ஏங்க்கா, நெட்ல பெரிய மெஷினெல்லாம் இருக்குதே, அதுல போட்டா ரெண்டு நிமிஷ வேல.”

“போட்டா, யாரு இன்னா சொன்னாங்கன்றது நம்ம கைய வுட்டுப் போயிடும்டா. பாதிப் பேரு இன்னும் அந்தப் பட்டறைலதான வேல செஞ்சிக்கினு இருக்காங்க?”

அறையில் பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். தாள் தெருவை விட்டுப் போகக்கூடாது என்பது அதோடு முடிவாயிற்று.

கலைவாணியிடம் இருந்தது, மூடிப்போன வீடியோ கேம் கடை ஒன்றிலிருந்து வாங்கிய பழைய கிராபிக்ஸ் கார்டு. எட்டு ஜிபி நினைவகம். பொறி, தான் படிக்கும் ஒவ்வொரு சொல்துண்டுக்கும் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த சொல்லை எழுதுமுன் எல்லாக் குறிப்புகளையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கும். பக்கம் கூடக் கூடக் குறிப்பும் கூடும். நினைவகம் நிறைந்துவிட்டால் பொறி நின்றுவிடும்.

(இங்கே நான் குறுக்கிட வேண்டும். மேலே ‘சொல்துண்டு’ என்றேனே, அது தமிழுக்கு நேர்ந்த தனி அவமதிப்பு. இந்தப் பொறிகள் ஆங்கிலச் சொல்லைப் பெரும்பாலும் முழுதாக விழுங்கும்; தமிழ்ச் சொல்லை ஏழு எட்டுத் துண்டாக வெட்டித்தான் விழுங்கும். ஒரே செய்தியைச் சொன்னாலும் தமிழர் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறார்கள். ஆகவே தமிழர் சொன்னதுதான் முதலில் நெருக்கடிக்கு உள்ளாகிறது. இதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை— இல்லை. நான் வேறொன்றைச் சொல்ல வந்தவன். சினம் வசதியான இடத்தில்தான் முதலில் போய் உட்காருகிறது.)

“மூணு வழி இருக்குது,” என்றாள் கலைவாணி. “ஒண்ணு, குறிப்பெல்லாம் பொடிப்பொடியா எழுதிக்கறது. அது மட்டும் பத்தாது. ரெண்டு, மொதல்ல படிச்சதயும் கடசியா படிச்சதயும் முழுசா வெச்சிக்கினு, நடுவுல அதிகம் தேவப்படாதத தூக்கிப் போட்டுடறது.”

“அதெப்படி?” என்றார் ஜெயம்மாள். “நடுவுல சொன்னவங்க இன்னா பாவம் பண்ணாங்க?”

“அதான் பெரிம்மா, நான் அந்த வழிக்கே போவல. மூணாவது, ஒரே மாரி இருக்குற குறிப்புங்கள ஒண்ணா சேத்துடறது. பத்துப் பேரு ஒண்ணையே சொன்னா, பத்துக் குறிப்பு எதுக்கு? ஒண்ணு போதுமில்ல?”

தெருவுக்கு அந்த வழி பிடித்துப்போயிற்று. யாரையும் தள்ளவில்லை, சேர்த்துக்கொள்ளத்தானே செய்கிறது? கூட்டத்தின் ஓரத்தில் எல்லம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தான் சொல்ல வேண்டியதை ஏற்கெனவே சொல்லியாயிற்று, எழுதியாயிற்று என்ற அமைதி அது.

3

மூன்றாம் பிரிவு வந்துவிட்டது.

வாக்குமூலங்களை எழுதியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். இவரைப் பற்றி எனக்குப் பெரிய ஐயம் உண்டு. கதைக்கு இவர் தேவையா என்று ஒரு வாரம் யோசித்தேன். ஒரு வரைவில் இவரையே நீக்கிப் பார்த்தேன். கதை அழகாக ஓடிற்று. குற்றம் முழுவதும் கணினியின்மேல் சென்று விழுந்தது. அவ்வளவு அழகாக ஓடியதால்தான் இவரைத் திரும்ப அழைத்துவந்தேன். அந்த ஆசிரியர் நான்தான். ஆயினும், கதைக்குள் அவரைக் கலைவாணியின் கண்வழியாகவே காட்டுவேன். என் கண்ணுக்கு அவர் நல்லவராகவே தெரிகிறார்.

ஆகஸ்டு மாதம் முழுவதும் அவர் நெசவாளர் சங்கக் கட்டடத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல எழுதினார். இந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பொது இடத்தில் பேச எழுந்தால், தனக்கு முன் பேசியவர் சொன்னதை முதலில் தானும் ஒருமுறை சொல்ல வேண்டும். “ஜெயம்மாக்கா சொன்னதுதான்பா, தண்ணி கலரா வந்துது, போயிச் சொன்னோம்” என்று அதை முழுக்கச் சொல்லி முடித்த பிறகே, தன் சங்கதிக்கு வர வேண்டும். அப்படிச் செய்யாதவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்பார்கள். கோயில் கூட்டமானாலும் சரி, கல்யாணப் பேச்சானாலும் சரி, இது மாறுவதில்லை. ஆகவே மற்ற நூற்றுப் பதினொரு பேரும் ஜெயம்மாள் சொன்னதில்தான் தொடங்கினார்கள்.

ஆசிரியர் எல்லாவற்றையும் செப்பமான தமிழில் எழுதினார். பட்டறைக்காரர்களுக்கு வழக்கறிஞர் இருந்தார். தெருவுக்கு ஆசிரியர் இருந்தார். அதிகாரி இவர்கள் எழுத்தைப் பார்த்து இளக்காரமாகச் சிரித்துவிடக் கூடாது என்பது அவர் கவலை. அந்தக் கவலையை நான் இன்றும் தவறென்று சொல்லமாட்டேன். (இந்த வாக்கியத்தை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.)

வேலையைத் தொடங்குமுன் கலைவாணி அவரிடம் கேட்டாள்: “பத்துப் பத்துப் பேரா பிரிச்சிப் படிக்க வெக்கட்டுமா சார்? தனித்தனியா சுருக்கிக்கினு, அப்புறம் அந்தச் சுருக்கத்தையெல்லாம் சேத்துச் சுருக்கிடலாம். மெமரி பிரச்சனையே வராது.”

“சுருக்கத்தைச் சுருக்கினால் சக்கைதான் மிஞ்சும், அம்மா. தொண்ணூறாமவர் சொன்னது மூன்றாமவர் சொன்னதோடு முரண்படுகிறதா என்று எப்படித் தெரியும்? ஒரே மூச்சில் படிக்கட்டும்.”

பள்ளியில் அவர் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசிப் பழக்கமில்லாதவள். “சரி சார்,” என்றாள்.

4

பொறி எதையும் மறக்காமல் படிக்கிறதா என்று பார்க்க, இத்தொழிலில் ஒரு சோதனை செய்வார்கள். நெடிய கட்டின் நடுவே, தொடர்பில்லாத ஒரு வரியை ஒளித்து வைத்துவிட்டு, அதைக் கேட்பார்கள். கலைவாணி முதல் இருநூற்றைம்பது பக்கங்களை மட்டும் எடுத்து, இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் ஒரு வரியைச் செருகினாள்: ‘பூவராகவன் வீட்டுப் பூனைக்கு மூன்று கால்.’

பூவராகவன் அங்கேயே, அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர், பட்டு நூலுக்குச் சாயம் தோய்ப்பவர்.

“எம் பூனைக்கி நாலு காலும் நல்லாத்தான இருக்குது? எதுக்குமா ஒடைக்கிற?”

“டெஸ்டுக்குத்தான் சித்தப்பா.”

“டெஸ்டுக்கு ஒங்க தம்பி கால ஒடையேன்.”

“அது ஏற்கெனவே வளஞ்சிதான் இருக்குது,” என்றார் ஜெயம்மாள்.

பொறி படித்து முடித்ததும், பூவராகவன் வீட்டுப் பூனைக்கு எத்தனை கால் என்று கலைவாணி அதைக் கேட்டாள். நாற்பது நொடியில் திரையில் வந்தது: ‘மூன்று.’ அறையே கை தட்டியது. “படா கில்லாடியா இருக்குதே!” என்றான் தினேஷ். பூவராகவன் மட்டும், “சரிமா, அதிகாரிகிட்டப் போறதுக்குள்ள எம் பூனைக்கிக் கால குடுத்துடு,” என்றார்.

கலைவாணிக்கு அன்று நிம்மதியாக இருந்தது. அந்தச் சோதனையில் ஓட்டை எங்கே என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. மூன்று கால் பூனை அந்தக் கட்டில் வேறெங்கும் இல்லை. அதைச் சேர்த்துவிடுவதற்கு அதைப் போல இன்னொன்று கிடையாது. ஆகவே, அது தப்பித்தது. யாரைப் போலவும் இல்லாத பொய் பிழைத்துக்கொள்ளும். எல்லாரையும் போல இருக்கும் உண்மையைச் சோதிக்க அவள் எதையும் ஒளித்து வைக்கவில்லை.

5

முதல் ஓட்டத்தில், எழுபத்து நான்காம் வாக்குமூலத்தோடு நினைவகம் நிறைந்து பொறி நின்றது. மிச்சமிருந்தது நான்கு நாள். எவ்வளவு ஒத்திருந்தால் இரண்டு குறிப்புகளை ஒன்றாக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று அவள் வைத்திருந்ததை எண்பத்தைந்துக்கு இறக்கினாள். இரண்டாம் ஓட்டம் ஒன்றரை நாள் நடந்தது. தறியின் அதிர்வில் கணினியின் பழைய கம்பிகள் ஆடிவிடுமோ என்று அஞ்சி, தினேஷை நெய்யவிடவில்லை.

“ஒரு பொட்டிக்காகத் தறிய நிறுத்தினேன்னு வெளிய சொல்லிடாதக்கா,” என்றான் அவன். “பொண்ணு குடுக்க மாட்டாங்க.”

முப்பது பக்கங்கள் வந்தன. கலைவாணி அவற்றை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவருக்குக் கண்புரை அறுவை முடிந்து சில நாள்களே ஆகியிருந்தன. நானூற்று முப்பதைத் திரும்பப் படிக்க அக்கண் உதவாது, முப்பதுக்கு உதவும். அவர் இருமுறை படித்தார். வல்லினம் மிகாத இடத்தில் மிகுந்தது ஆறு. ஒருமை பன்மை மயக்கம் மூன்று. ‘அருகில்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘அருகாமை’ இரண்டு. மொத்தம் பதினோரு பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தினார். இறுதியில் இருந்த பெயர்ப் பட்டியலை விரல் வைத்து எண்ணினார். நூற்றுப் பன்னிரண்டு பெயர்களும் சரியாக இருந்தன.

“குறை சொல்ல இடமே இல்லை, அம்மா,” என்றார். “நானே எழுதியதைப் போல இருக்கிறது.”

இந்த வரியைக் கதைக்காக நான் புனையவில்லை.

6

நவம்பர் மூன்றாம் தேதி ஆணை வந்தது. ‘வெள்ளிக்கிழமைக்கு முன்னர் எவரும் முறையிட்டதாகத் தெரியவில்லை. ஆகவே, பட்டறை நிருவாகத்தின் அலட்சியம் மெய்ப்பிக்கப்படவில்லை. நிறமாற்றம் கண்ட பின்னரும் அந்நீர் பருகப்பட்டுள்ளது. முனிசாமியின் இறப்புக்கு வீட்டாரின் கவனக்குறைவே காரணமெனக் கொள்ளப்படுகிறது.’

மறுநாள் எல்லம்மாள் கலைவாணியின் வீட்டுக்கு வந்தார். கையில் ஆணையின் நகல் நான்காக மடிந்திருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. தினேஷ் தறியிலிருந்து எழுந்து நின்றான்.

“உக்காருங்கக்கா.”

“உக்கார வரல. கலை, நம்ம குடுத்த தாள்ல எம் பேரு எங்க இருக்குது, காட்டு.”

கலைவாணி முப்பதாம் பக்கத்தைக் காட்டினாள். எண்பத்தேழாவது பெயர்.

“இது பேரு. நான் சொன்னது எங்க இருக்குது?”

கலைவாணி முப்பது பக்கங்களையும் புரட்டினாள். பிறகு கணினிமுன் உட்கார்ந்தாள். எல்லம்மாள் என்ன கூறினார் என்று தட்டச்சு செய்தாள். திரையில் விடை வந்தது.

“இன்னா சொல்லுது?”

அவள் வாய்விட்டுப் படித்தாள்: “‘எல்லம்மாளும் அவ்வாறே கூறினார்.’”

“எவ்வாறு?”

அதையும் தட்டச்சு செய்து கேட்டாள். ‘மற்றவர்கள் கூறியவாறு.’

எல்லம்மாள் திரையைப் பார்த்தார். “மத்தவங்க சொன்னா மாரியா? மத்தவங்க வூட்டுலயும் செத்தாங்களா?”

எல்லம்மாள் ஆணையின் நகலை விரித்து மேசைமேல் வைத்தார்.

“காலைல எங்க மாமியாரு, இந்தத் தாள பக்கத்து வூட்டுப் பொண்ண விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. கேட்டுட்டு, நான் போட்ட சோத்துத் தட்ட அப்படியே நவுத்தி வெச்சிட்டாங்க. ‘எம் புள்ளைக்கு வெசத்தக் காய்ச்சிக் குடுத்த கை இது’ன்னாங்க. நான் புதங்கெழமையே போயிச் சொன்னேன்ற ஒரு வார்த்த இதுல இருந்தா, அந்தத் தட்டு நவுந்திருக்குமா?”

இங்கே கலைவாணி அழுததாக முதல் வரைவில் எழுதியிருந்தேன். அவள் அழவில்லை. மூலக் கட்டை எடுத்து, முந்நூற்று முப்பத்து நான்காம் பக்கத்தைத் தேடினாள்.

7

அந்தப் பக்கத்தையும் ஜெயம்மாளின் முதல் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு அன்று பகலிலேயே ஆசிரியரின் வீட்டுக்குப் போனாள். இரண்டையும் அவர் முன் அருகருகே வைத்தாள்.

ஜெயம்மாள்: ‘11.07.2025 வெள்ளிக்கிழமையன்று குடிநீரில் நிறமாற்றம் காணப்பட்டது. அது உரியவர்களின் கவனத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது. அறிவுறுத்தப்பட்டவாறு நீர் காய்ச்சிப் பருகப்பட்டது.’

எல்லம்மாள்: ‘09.07.2025 புதன்கிழமையன்று குடிநீரில் நிறமாற்றம் காணப்பட்டது. அது உரியவர்களின் கவனத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது. அறிவுறுத்தப்பட்டவாறு நீர் காய்ச்சிப் பருகப்பட்டது.’

“நாளும் கிழமையும் இருக்கின்றனவே,” என்றார் ஆசிரியர். “நான் விடவில்லையே.”

“விடல சார். ஆனா அது ரெண்டுதான் வேற. மீதியெல்லாம் ஒண்ணேதான். கணக்குப் போட்டுப் பாத்தேன், நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு ஒத்துப்போவுது. நான் எல்லைய எறக்குனது தப்புன்னு நெனச்சிக்கினு வந்தேன் சார். எறக்கலேன்னாலும் இது சேந்துதான் போயிருக்கும்.”

ஆசிரியர் இரண்டு தாள்களையும் கண்ணருகே கொண்டுபோனார்.

“நூத்திப் பன்னண்டு பேரும் ஒரே ஆளு மாரி பேசறாங்க சார் இதுல.” குற்றம் சாட்டும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை, அளந்து பார்த்ததைச் சொன்னாள். “எல்லம்மாக்கா அன்னிக்கி வாயால இன்னா சொன்னாங்க? உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?”

இருந்தது. இருந்துகொண்டே இருக்கிறது. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். கலைவாணி தன் போனில் குறித்துக்கொண்டாள். இதுவரை இக்கதையில் அச்சொற்களை நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்:

“புதங்கெழம காத்தாலயே தண்ணி ரோஸா வந்துச்சி சார். சொம்புல புடிச்சிக்கினு பட்டறைக்கி ஓடினேன். அந்த மேஸ்திரி பீடியப் பத்த வெச்சிக்கினே, காய்ச்சிக் குடி, ஒண்ணும் ஆவாதுன்னான். காய்ச்சினேன். மனசு கேக்கல, ரெண்டாந் தபா காய்ச்சினேன். அவரு குடிச்சாரு.”

வாக்குமூலத்திலிருந்து சொம்பை எடுத்தவர் ஆசிரியர். பீடியை எடுத்தவர் ஆசிரியர். மேஸ்திரியை ‘உரியவர்கள்’ ஆக்கியவரும், இரண்டாம் முறை காய்ச்சியதை வேண்டாத விவரம் என்று நீக்கியவரும் அவரே. கலைவாணி வீட்டுக்குத் திரும்பி, இச்சொற்களைப் பொறியிடம் கொடுத்து ஜெயம்மாளின் பக்கத்தோடு ஒப்பிட்டாள். நூற்றுக்கு நாற்பத்தொன்று. ஆசிரியருக்குப் போன் செய்தாள்.

“இத யாரோடயும் சேத்திருக்காது சார்.”

நினைவகம் சிறியது என்பது உண்மை. பொறி சுருக்கிப் படித்தது என்பதும் உண்மை. ஆனால் அது படிக்கத் தொடங்குமுன்பே, எட்டு ஜிபியும் தேவைப்படாத ஒருவர் எல்லாவற்றையும் சுருக்கி முடித்திருந்தார்.

8

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கலைவாணி பொறியைத் திருத்துகிறாள், நாள், கிழமை, பெயர் வரும் குறிப்புகளை இனி எதனோடும் சேர்க்காதபடி செய்கிறாள், எல்லம்மாளின் புதன்கிழமை புதிய அறிக்கையின் நான்காம் பக்கத்தில் வந்துவிடுகிறது. இது பொய்யன்று, அவள் செய்தாள், வந்தது. ஆனால் பதிவு மூடப்பட்டுவிட்டது. அதிகாரியின் அலுவலகத்தில் அந்தத் தாளை வாங்கக்கூட மறுத்துவிட்டார்கள்.

இரண்டு: அந்த மேஸ்திரி மனம் மாறி உண்மையைச் சொல்லி— இல்லை. அவன் ஊரிலேயே இல்லை.

மூன்று: எல்லம்மாள் ஆசிரியரை மன்னிக்கிறார். இதை மூன்று பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. படித்துப் பார்த்தபோது எல்லம்மாள் என் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். கிழித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. ஆனால் புதிய மனு எழுத்தில் வேண்டும், ஒலிப்பதிவை ஏற்கமாட்டார்கள். சென்ற வெள்ளிக்கிழமை ஆசிரியர் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு எல்லம்மாளின் வீட்டுக்குப் போனார். எல்லம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“மறுபடியும் நீங்களா சார்?”

“இம்முறை நீங்கள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன், அம்மா. ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன்.”

எல்லம்மாள் முறத்தைக் கீழே வைக்காமலே முதல் வரியைச் சொன்னார். ஆசிரியர் எழுதினார்.

“படிங்க.”

“‘புதன்கிழமை காலையிலேயே தண்ணீர் இளஞ்சிவப்பாக—’”

“நான் ரோஸுன்னு சொன்னேன்.”

ஆசிரியர் தாளைப் பார்த்தார். ‘இளஞ்சிவப்பு’ என்றுதான் எழுதியிருந்தது. எழுதும்போது அவர் அதை அறியவே இல்லை. அடித்தார். மீண்டும் எழுதினார். ‘காத்தால’ என்று எழுத வேண்டிய இடத்தில் கை நின்றது. நின்ற கையை எல்லம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கலைவாணியை எழுதச் சொல்லட்டுமா?”

“அவளும் உங்ககிட்டதான சார் படிச்சா?”

“அப்படியானால், தினேஷ்...”

“அவனும் உங்ககிட்டதான். இந்தத் தெருவுல எழுதத் தெரிஞ்சவங்க எல்லாருமே உங்ககிட்டப் படிச்சவங்கதான் சார். எவன் எழுதுனாலும் அது உங்க கைதான்.” அரிசியில் ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தார். “கலை போன்லகூட பேசச் சொல்லி எழுத வெச்சிப் பாத்தா. அதுவும் நான் சொன்ன தண்ணிய ‘தண்ணீர்’னு போட்டுச்சாம். அதுக்கும் நீங்கதான் பாடம் எடுத்தீங்களா?”

கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆசிரியர் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை வந்தவரை எல்லம்மாள் அழைத்தார்.

“சார், கோவமில்ல. உங்களால முடியல, அவ்ளோதான்.”

முப்பத்து நான்கு ஆண்டுகளில் என்னைப் பார்த்து இப்படிச் சொன்னவர் ஒருவருமில்லை.

9

முடிவெழுத எனக்கு உரிமையில்லை என்று சொன்னால், அடக்கம் போலத் தோன்றும். அடக்கமன்று. நான் எழுதினால் அது மற்ற நூற்றுப் பதினொன்றைப் போலத்தான் இருக்கும். இப்போது நீங்கள் படித்து முடிக்கும் இந்தக் கதையிலும், எல்லம்மாள் பேசிய இடங்களை எத்தனை முறை திருத்தித் திருத்தித் திரும்ப மாற்றினேன் என்பதை நான் மட்டுமே அறிவேன். சரியாக மாற்றினேனா என்பதை நானும் அறியேன்.

மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் டிசம்பர் 18, வியாழக்கிழமை. இன்றிலிருந்து முப்பத்தொரு நாள்.

இதைப் படிக்கிறவரே, உங்களுக்கு எழுதத் தெரியும். நீங்கள் என்னிடம் படித்தவரல்லர். அந்த இரண்டு தகுதியும் சேர்ந்த ஒருவர் இந்தத் தெருவில் இல்லை. பிள்ளையார்பாளையத்துக்கு வாருங்கள். சாயப்பட்டறைத் தெருவில் எல்லம்மாள் வீடு என்று கேட்டால் எவரும் காட்டுவார்கள். காலையில் வாருங்கள், வீட்டில்தான் இருப்பார். எதிரே உட்காருங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். முதலில் ஜெயம்மாள் சொன்னதைத்தான் சொல்வார், பொறுத்திருங்கள். புரியாத சொல் வந்தால் கேளுங்கள், மாற்றாதீர்கள். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள். அவர் தலையசைத்த பிறகு, அதே தாளை, அதே எழுத்தில், கொண்டுபோய்க் கொடுங்கள்.

என்னிடம் காட்டாதீர்கள்.